வங்கக் கடலில் விட்ட கம்பி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் இயற்பியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, பேசியவரே திருத்திக் கொடுத்தது.)



செயலாளர் போன் பண்ணியபோது, "சார், உங்க வாழ்க்கைல ஜெயிச்ச கதை ஏதாவது சொல்லுங்க, பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். நான் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். ஜெயித்த கதை கைவசம் இல்லை. அதற்கு முன்னால் ஒரு இரண்டு வருடம் கடலில் வேலை பார்த்தேன். அதில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருபது நிமிஷம் சார்" என்றார். (சிரிப்பு)

நம்மில் பலர் ஹாஸ்டல் நாட்களில் சேலையூர்ப் பக்கம் கிணற்றில் குளித்தவர்கள். சித்திரை வெயிலில் குதித்தால் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு ஆள் ஆழத்துக்கு முங்கினால் காலில் சில்லென்று பிடிக்கும். கடலும் அப்படித்தான். வங்கக் கடலில் மேலே 28, 29 டிகிரி. நூறு மீட்டர் போனால் இருபதை ஒட்டி இறங்கிவிடும். இருநூறு மீட்டரில் பதினைந்து. ஐந்நூறு மீட்டரில் பத்து டிகிரி. நம் பெசன்ட் நகர் பீச்சிலிருந்து கிழக்கே போனால், ஊட்டிக் குளிர் நமக்குக் காலடியிலேயே இருக்கிறது.

இதை முதலில் அளந்தது யார் என்று கேட்டால் பெருமைப்படும்படியான பதில் இல்லை. 1751-இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டன், அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் போகும்போது, மூடி வைத்த ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி அட்லாண்டிக்கில் இறக்கிப் பார்த்தார். வாளி கீழே போகும்போது மூடி திறந்து தண்ணீர் உள்ளே வந்து போகும். மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும். மேலே 84 டிகிரி ஃபாரன்ஹீட், 5,346 அடி ஆழத்தில் 53 டிகிரி. வெயில் கொளுத்தும் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர் என்று தெரிந்ததும் அந்த மனிதர் செய்த முதல் காரியம், அந்தத் தண்ணீரில் தன் ஒயின் பாட்டிலைக் குளிர வைத்ததுதான். மனிதர்களை விலங்கு பூட்டி ஏற்றிச் செல்வதற்கான கப்பலில் இருந்துகொண்டு! அறிவியல் வரலாற்றில் இப்படி வாசனை அடிக்கும் பக்கங்கள் நிறைய உண்டு. நாம் அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வாளியை மேலே இழுப்பதற்குள் வழியிலுள்ள தண்ணீர் அதைச் சூடாக்கிவிடும் அல்லவா? அதற்காக 1870-களில் தலைகீழாகும் வெப்பமானி வந்தது. வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து ஒரு பித்தளைக் குண்டைக் கம்பி வழியாக நழுவ விடுவார்கள். அது போய் முட்டினால் வெப்பமானி குப்புறக் கவிழும். கவிழ்ந்ததும் பாதரசம் அந்த இடத்திலேயே அறுந்து நின்றுவிடும். பிறகு எந்தச் சூடு பட்டாலும் அளவு மாறாது. அருமையான கருவி. நூறில் இரண்டு பங்கு டிகிரி வரை நம்பலாம். ஆனால் கப்பலை நிறுத்த வேண்டும், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இடம் அளந்தால் பெரிய விஷயம்.

அப்புறம் வந்தது பாத்திதெர்மோகிராஃப். கப்பல்காரர்கள் சுருக்கி பி.டி. என்பார்கள். 1930-களின் கடைசியில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் என்பவர் செய்தது. பார்க்கச் சின்ன வெடிகுண்டு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் மெல்லிய பூச்சு, அதைக் கீறும் ஒரு ஊசி. வெப்பம் ஊசியை ஒரு பக்கம் தள்ளும், அழுத்தம் கண்ணாடியை இன்னொரு பக்கம் தள்ளும். மேலே வரும்போது கண்ணாடியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடுதான் கடலின் ஜாதகம். ஆழம் முந்நூறு மீட்டருக்குள்தான், துல்லியமும் சுமார்தான். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கலாம். உடனே இரண்டாம் உலகப் போர் வந்தது. கடலுக்கடியில் ஒலி எப்படி வளையும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. நீர்மூழ்கி எங்கே ஒளியும் என்று தெரிய வேண்டுமே! ஆயிரக்கணக்கில் கண்ணாடிகள் கீறப்பட்டன. பருவநிலை பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

நம் கடலுக்கு வருகிறேன். 1952-இல் லஃபாண்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நம் கடற்படைக் கப்பல்களில் மாணவர்களோடு போய் வங்கக் கடலை அளந்தார். கோடை முன்பகுதியில் விசாகப்பட்டினக் கரையில் அடித்தண்ணீர் மேலே ஏறி வருவதைக் காட்டினார். 1959-இல் தொடங்கி 1965 வரை நடந்தது சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு. ஏறக்குறைய நாற்பது கப்பல்கள். நம் தரப்பில் ஐ.என்.எஸ். கிஸ்ட்னா. 1963-இல் நம் வங்கக் கடலுக்கு வந்த ஆன்டன் ப்ரூன் என்ற கப்பல், முன்பு அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்தது. அந்த ஆய்வின் பலனாகத்தான் 1966 ஜனவரி 1-இல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது.

இனி என் கதை. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறி ஏறி இண்டர்வியூவுக்குப் போய்க் கொண்டிருந்தேன். ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. "நீச்சல் தெரியுமா?" என்றார்கள். "கிணத்துல தெரியும் சார்" என்றேன். (சிரிப்பு) அது போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மெட்ராஸிலிருந்து போர்ட் பிளேருக்குப் பயணிகள் கப்பல் போகும். 1,190 கிலோமீட்டர், ஏறக்குறைய அறுபது மணி நேரம். ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றை மாதாமாதம் அனுப்பக் கட்டுப்படியாகாது. எப்படியும் போகிற கப்பலில் இரண்டு பேரை ஏற்றி, போகிற வழியிலெல்லாம் அளந்தால் என்ன? உலகம் முழுக்கச் சரக்குக் கப்பல்களிலும் இப்படித்தான் செய்தார்கள். நம் நாட்டில் 1990 வாக்கிலிருந்து இந்த மெட்ராஸ்–போர்ட் பிளேர் பாதையில் அளந்து வந்தார்கள். அதில் ஒரு கண்ணியாக நானும் போய் மாட்டினேன்.

கையில் கொடுத்த கருவிக்குப் பெயர் எக்ஸ்.பி.டி. திரும்பி வராத பி.டி. 1960-களில் அமெரிக்காவில் வந்தது. ஒரு முழத்துக்கும் குறைவான குண்டு. மூக்கில் வெப்பத்தை உணரும் ஒரு சின்னப் பொட்டு. வயிற்றில் தலைமுடி மாதிரி செப்புக் கம்பி சுற்றியிருக்கும். ஊசியை உருவினால் குண்டு கடலில் விழும். அது ஆழத்துக்குப் போகப் போக அதிலிருந்து கம்பி பிரியும். கப்பல் முன்னால் போகப் போகக் கையிலிருக்கும் குழாயிலிருந்தும் கம்பி பிரியும். இரண்டு பக்கமும் பிரிவதால் கம்பி இழுபடாது. பட்டத்துக்கு நூல் விடத் தெரிந்தவனுக்கு இது உடனே புரியும். இரண்டு நிமிடத்தில் 760 மீட்டர். அப்புறம் கம்பி அறுந்து, குண்டு கடலடியிலேயே தங்கிவிடும். அந்தச் செப்பும் பிளாஸ்டிக்கும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. அதை நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு குண்டு. இரவு இரண்டு மணியானாலும் பின்தளத்துக்குப் போக வேண்டும். கம்பி கப்பலின் உடம்பில் உரசக் கூடாது. உரசினால் பூச்சு உரிந்து வெப்பம் தாறுமாறாகக் குதிக்கும். அதனால் காற்று போகும் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தமானுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து, "என்ன தம்பி, தூண்டிலா?" என்றார். "இல்லீங்க ஐயா, கடலோட சூட்டைப் பாக்கறோம்." அவர் யோசித்துவிட்டு, "கடலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். அப்போது சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

குண்டு போடுவதோடு வேலை முடியாது. ஒரு வாளியால் மேல் தண்ணீரை மொண்டு, சாதாரண வெப்பமானியால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். எக்ஸ்.பி.டி. காட்டும் மேல்மட்ட வெப்பம் சரியா என்று ஒப்பிட அது ஒன்றுதான் சாட்சி. 1995 நவம்பர், வாடைக் காற்று, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. குண்டை எப்படியோ போட்டேன். வாளி இறக்கத் தெம்பு இல்லை. முந்தைய இடத்தில் 27.9. கடல் நாலு மணி நேரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று, அதே 27.9-ஐ எழுதிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை. நம் பிசிக்ஸ் லேப் ஞாபகம். ரீடிங்கை அடித்துத் திருத்தியவனை வெளியே நிற்க வைப்பார்களே, அந்த லேப். காலையில் என் சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டை வாங்கி, 27.9-ஐ ஒரே கோட்டால் அடித்தார். அழிக்கவில்லை, கீழே இருப்பது தெரியும்படி அடித்தார். பக்கத்தில் "அளக்கவில்லை, உடல்நலமின்மை" என்று எழுதித் தேதி போட்டார். "அளக்கலைன்னு எழுதறதும் ஒரு அளவுதான்பா. இருந்தா நம்பலாம், இல்லேன்னா இல்லேன்னு நம்பலாம். நீ எழுதின 27.9-ஐத்தான் எதுவும் பண்ண முடியாது" என்றார். அதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை. ஆனாலும் அதே ட்ரிப்பில் அதைவிடப் பெரிய தப்பைப் பண்ணினேன். அதை அவரும் பார்க்கவில்லை.

தப்பைச் சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், சின்னது. எக்ஸ்.பி.டி. வெப்பத்தை அளக்கும், ஆழத்தை அளக்காது. பலருக்குத் தெரியாத ரகசியம் இது. குண்டு இத்தனை வேகத்தில் விழும் என்று தயாரித்த கம்பெனி ஒரு சமன்பாடு கொடுத்திருந்தது. நேரத்தை 6.472-ஆல் பெருக்கு, நேரத்தின் வர்க்கத்தை 0.00216-ஆல் பெருக்கிக் கழி, வருவது ஆழம். ஆழம் என்பது நாமாகப் போட்ட கணக்கு. நான் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அதே 1995-இல், ஹனாவா என்ற ஜப்பானிய அறிஞரும் கூட்டாளிகளும் அந்த எண்களைச் சோதித்து, தவறு என்று சொன்னார்கள். துல்லியமான கருவியையும் எக்ஸ்.பி.டி.யையும் ஒரே இடத்தில் இறக்கி ஒப்பிட்டு, 6.691 என்றும் 0.00225 என்றும் புது எண்கள் கொடுத்தார்கள். 23 விநாடியைப் போட்டுப் பாருங்கள். பழைய கணக்கில் ஏறக்குறைய 148 மீட்டர், புதுக் கணக்கில் 153. அடிமட்டத்தில் 760 என்று எழுதியது உண்மையில் 786.

ஐந்து மீட்டர்தானே என்று தோன்றும். வங்கக் கடலில் நூறிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வெப்பம் படியில் இறங்குவது போல இறங்குகிறது. அங்கே ஐந்து மீட்டர் பிசகினால் ஏறக்குறைய அரை டிகிரி பிசகும். சரி, உலகக் கடல்களின் மேல் 700 மீட்டர் 1955-லிருந்து 2010 வரை சராசரியாக எவ்வளவு சூடேறியது தெரியுமா? 0.18 டிகிரி. தேடுகிற ஊசியைவிட நம் கைநடுக்கம் பெரிது.

0.18 அற்பமாகத் தெரியலாம். கடல் எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். நாம் எரிக்கும் கரியாலும் எண்ணெயாலும் பூமியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. பூமிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால், வெப்பமானியைக் கடலுக்குள்தான் வைக்க வேண்டும். அந்தமான் பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

2000-இல் சிட்னி லெவிட்டஸ் என்ற அமெரிக்கரும் அவர் குழுவும் பழைய கப்பல் அளவுகளையெல்லாம் திரட்டி, கடல் சூடேறுகிறது என்று காட்டினார்கள். அவர் ஒரு புதுமையான வேலையைத் தொடங்கி வைத்தவர். உலகெங்கும் அலமாரிகளில் மக்கிக்கொண்டிருந்த கப்பல் நோட்டுகளையும் கண்ணாடிகளையும் தேடி எடுத்து எண்களாக மாற்றும் வேலை. அதற்காக 1994-இல் நம் கோவாவிலும் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆனால் அவர்கள் வரைந்த கோட்டில் ஒரு வினோதம் இருந்தது. 1970-களில் கடல் திடீரென்று ஒரு மேடு மாதிரி சூடேறி, பிறகு இறங்கியது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கம்ப்யூட்டர் மாதிரிகளில் அந்த மேடு வரவே இல்லை. மாதிரி தப்பா, கடல் தப்பா?

இரண்டுமில்லை. 2007-இல் குரெட்ஸ்கி, கோல்டர்மன் என்ற இருவர், எக்ஸ்.பி.டி. அளவுகளைக் கப்பலை நிறுத்தி எடுத்த நல்ல அளவுகளோடு வருடவாரியாக ஒப்பிட்டார்கள். எக்ஸ்.பி.டி. சராசரியாகச் சூட்டைக் கூட்டிக் காட்டியது. எவ்வளவு கூட்டியது என்பது வருடத்துக்கு வருடம் மாறியது. குண்டு விழும் வேகமே எல்லா வருடமும் ஒன்றாக இல்லை என்று அடுத்த ஆண்டு வேறு சிலர் காட்டினார்கள். அதையெல்லாம் திருத்தியதும் 1970-களின் மேடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. மீதி நின்றது சீராக ஏறும் கோடு. சூடேற்றம் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மேடு ஒரு ஆயுதமாக இருந்தது. அது போனதும் அவர்களுக்கு வருத்தம்தான்.

இங்கேதான் என் காலிக் கட்டம் வருகிறது. திருத்த வேண்டுமானால் என்ன தெரிய வேண்டும்? எந்தக் கம்பெனியின் குண்டு, எந்த மாதிரி, எந்தச் சமன்பாட்டில் ஆழம் போட்டது, ஏற்கெனவே திருத்தியதா இல்லையா. தெரியாமல் திருத்தினால், திருத்தியதையே மறுபடி திருத்தி வைப்போம். நாங்கள் கொண்டுபோன பெட்டிகளில் டி-4, டி-7 என்று இரண்டு மாதிரி இருந்தன. டி-4 460 மீட்டர் வரை, டி-7 760 மீட்டர் வரை. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் மாதிரியை எழுதினேன். கரைக்கு வந்து ஃப்ளாப்பியில் டைப் அடிக்கும்போது, "மாதிரி" என்ற கட்டத்தைத் தாண்டிப் போனேன். நோட்டில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், எதற்கு இன்னொரு தடவை? அவ்வளவுதான் யோசனை. சோம்பேறித்தனம் கூட இல்லை, "எல்லோருக்கும் தெரியுமே" என்ற நம்பிக்கை.

நான் மட்டும் இல்லை. உலகக் கடல் தரவுத் தொகுப்பில் இருக்கும் எக்ஸ்.பி.டி. பதிவுகளில் ஏறக்குறைய பாதிக்கு எந்த மாதிரிக் குண்டு என்ற விவரம் கிடையாது. ஒவ்வொரு கப்பலிலும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து "எல்லோருக்கும் தெரியுமே" என்று நினைத்திருக்கிறான். இப்போது எவ்வளவு ஆழம் வரை அளவு போயிருக்கிறது, எந்த நாட்டுக் கப்பல், எந்த வருடம் என்பதையெல்லாம் வைத்து, கம்ப்யூட்டரை விட்டு மாதிரியை ஊகிக்கிறார்கள்.

நான் 1997-இல் அந்த வேலையை விட்டு, க்ரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். கல்யாணம், முடிச்சூரில் வீடு. கப்பல் நோட்டுகளின் கார்பன் பிரதிகள் மட்டும் கூடவே வந்தன. இரும்பு ட்ரங்குப் பெட்டியில் கட்டிலுக்கடியில் கிடந்தன. "இந்தக் குப்பையை எப்பத்தான் போடப் போறீங்க?" என்று வீட்டில் கேட்காத பொங்கல் இல்லை.

2015 டிசம்பர் 1, இங்கே பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர் வீதிகளுக்குள் வந்துவிட்டது. அப்பாவை மாடிக்கு ஏற்றினோம், சிலிண்டரை ஏற்றினோம், பசங்களின் புத்தகத்தை ஏற்றினோம். ட்ரங்குப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. நாலு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே ஊறின இட்லி மாவு மாதிரி இருந்தது. கார்பன் நீலம் தண்ணீரோடு ஓடி, பெட்டிக்கு உள்ளே ஒரு நீல வரி. அந்த மழைக்குக் கடல் சூடு மட்டும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ந்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஏரியில் வீடு கட்டியது நாம்தான், என் வீடு உட்பட.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு இளம் ஆய்வாளரிடமிருந்து மெயில். என் பெயரை ஒரு பழைய அறிக்கையில் பார்த்தாராம். "ஐயா, 1995 நவம்பர்ப் பயணத்தின் அளவுகள் இருக்கின்றன, குண்டின் மாதிரி இல்லை. உங்களிடம் ஏதாவது குறிப்பு இருக்கிறதா?" படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 460 மீட்டரைத் தாண்டியிருந்தால் டி-7 என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ட்ரிப்பில் காற்றுக்குப் பாதிக் கம்பிகள் முந்நூறு மீட்டரிலேயே அறுந்தன. அசல் நோட்டு ஆபீசில் இருந்திருக்க வேண்டும், இடம் மாறியபோது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நினைவிலிருந்து சொல்லலாம். முதலில் டி-4 பெட்டியைத்தான் திறந்தோம் என்று எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. எழுத உட்கார்ந்தேன். 27.9 ஞாபகம் வந்தது. "தெரியவில்லை. நான்தான் எழுதாமல் விட்டேன்" என்று பதில் போட்டேன். அவர் நன்றி சொன்னார். வாளி அளவில் அடித்துத் திருத்திய அந்த ஒரு இடம் மட்டும் "அளக்கவில்லை" என்ற குறிப்போடு அப்படியே பதிவாகியிருந்ததாம். அது உதவியாக இருந்தது என்றார்.

இந்தப் பழங்கதை இன்றைக்கு எதற்கு என்று தம்பிமார்கள் நினைக்கலாம். இப்போது ஆர்கோ மிதவைகள் வந்துவிட்டன. 2007 நவம்பரிலேயே மூவாயிரம் மிதவைகள். பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டாயிரம் மீட்டர் போய் வந்து, ஆழத்தை அழுத்தத்தால் நேராகவே அளந்து, சாட்டிலைட்டுக்குச் சொல்லிவிடுகின்றன. யாரும் வாந்தி எடுக்க வேண்டாம். ஆனால் இன்றைய அளவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 1970-இல் கடல் எப்படி இருந்தது என்று மிதவை சொல்லாது. அன்றைக்குப் போட்ட குண்டும் அன்றைக்கு எழுதிய நோட்டும்தான் சொல்லும். கடலுக்கு மறு தேர்வு கிடையாது.

நம் கரைக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கங்கை, பிரம்மபுத்ரா, ஐராவதி எல்லாம் கொட்டிய நல்ல தண்ணீர் வங்கக் கடலின் வடக்கே மேலே எண்ணெய் மாதிரி மிதக்கும். அதற்குக் கீழே வெதுவெதுப்பான தண்ணீர் மூடி போட்டது போல அடைபட்டிருக்கும். சித்திரைப் புயல் கடலைக் கலக்கினால் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து, புயலின் அடுப்பைக் கொஞ்சம் அணைக்கும், இரண்டு மூன்று டிகிரி கூடக் குறையும். கார்த்திகைப் புயல் கலக்கினாலோ மேலே வருவதும் சூடான தண்ணீர்தான், ஒரு டிகிரி குறைந்தால் அதிகம். மேல் தண்ணீரை மட்டும் பார்க்கும் சாட்டிலைட்டுக்கு இந்தச் சூழ்ச்சி தெரியாது. கீழே குண்டோ மிதவையோ போக வேண்டும்.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் ஒரு பெரிய காம்பவுண்டைப் பார்த்திருப்பீர்கள். 1993-இல் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், என்.ஐ.ஓ.டி. ஒரு பக்கம் சதுப்பு நிலத்தில் நாரையும் கூழைக்கடாவும், இன்னொரு பக்கம் குப்பை மேட்டுப் புகை, நடுவில் கடலை அளக்கிறவர்கள். வங்கக் கடலில் அவர்கள் நங்கூரமிட்ட மிதவைகள் ஐந்நூறு மீட்டர் வரை வெப்பத்தைச் சொல்கின்றன. லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் அவர்கள் அமைத்த ஆலை, 350 மீட்டருக்குக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீரை இழுத்து, மேல்கடலின் வெதுவெதுப்பு நீராவியைக் குளிர வைத்து, தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருவதற்கானது. எல்லிஸ் ஒயினைக் குளிர வைத்த அதே குளிர், இங்கே குழந்தைகளுக்குக் குடிதண்ணீர். எத்தனை மீட்டரில் எத்தனை டிகிரி என்று யாரோ முன்பே அளந்து எழுதி வைத்திராவிட்டால், குழாயை எவ்வளவு நீளம் போடுவது?

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள் மட்டும். நம் சங்கத்தில் கடற்படையில் இருந்தவர்கள் உண்டு, வணிகக் கப்பலில் போனவர்கள் உண்டு, விலங்கியல் துறையிலிருந்து மீன்வள ஆய்வுக்குப் போனவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில், ட்ரங்குப் பெட்டியில் பழைய லாக் புக் இருக்கலாம். கோடு கீறின ஒரு கண்ணாடித் துண்டு கூட இருக்கலாம். கட்டிலுக்கடியில் இருந்தால் முதலில் மேலே தூக்கி வையுங்கள், ஐப்பசி வரப்போகிறது. அப்புறம் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். இயற்பியல் துறை மாணவர்கள் ஆறு பேர் அவற்றைத் தட்டச்சு செய்து தருவதாக இன்று காலை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கப்பா, எல்லோரும் பார்க்கட்டும். (கைதட்டல்)

வாசலில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கப்பல் பெயர், வருடம், என்ன கருவி என்று மூன்று பத்திகள். மூன்றாவது தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். சாப்பாடு தயார் என்கிறார்கள்.